விமான எஞ்சினுக்குள் எழும் ஒலி எண்ணெய்த் துளிகளை என்ன செய்கிறது?

[காட்சி: திரிசூலம் ரயில் நிலையம். எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். ஒரு விமானம் மேலே ஏறுகிறது.]

வணக்கம். திரிசூலம் ஸ்டேஷனில் நின்றால், விமானம் கிளம்பும் சத்தம் காதோடு நிற்பதில்லை, நெஞ்சிலும் அதிரும். ஆனால் நாம் பேசப் போவது எஞ்சினுக்குள்ளே, எரிபொருள் எரிகிற அறையில் எழும் ஒலியைப் பற்றி. அது அளவு மீறினால் உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளே விரிசல் விடும். அந்த ஒலி வளர்வதில் பொடிப்பொடியான எண்ணெய்த் துளிகளுக்கு, அதாவது எரிபொருள் துளிகளுக்கு, பெரிய பங்கு உண்டு.

[காட்சி: வீட்டு அறை. சப்வூஃபர், இஸ்திரி போடும்போது தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே பாட்டில், டார்ச் வெளிச்சம்.]

முதலில் இதைப் பாருங்கள். சப்வூஃபரில் 30 ஹெர்ட்ஸ் ஒலி ஓடுகிறது. அதாவது, அதன் துளை வாயில் காற்று நொடிக்கு 30 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. அங்கே தண்ணீரைத் தெளிக்கிறேன். ஸ்லோ மோஷனில் கவனியுங்கள்: நைசான திவலைகள் காற்றோடு சேர்ந்து ஆடுகின்றன. பெரிய துளிகள் அசைந்து கொடுக்காமல் தம் வழியே போய்க் கீழே விழுகின்றன. துளியின் குறுக்களவு இரண்டு மடங்கானால், காற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அதற்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஒரே ஒலிதான், ஆனால் துளிக்குத் துளி விளைவு வேறு.

[காட்சி: எரிப்பு அறையின் குறுக்குவெட்டுப் படம்.]

சரி, எஞ்சினுக்குள் போவோம். பல விமான எஞ்சின்களில் எரிபொருளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேகமாகப் பாயும் காற்றை அதன்மேல் விட்டுத் துளிகளாகச் சிதறடிக்கிறார்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. அந்தக் காற்றை உள்ளே தள்ளுவது, அறைக்கு வெளியிலும் உள்ளேயும் இருக்கும் அழுத்த வித்தியாசம். அது அறையின் அழுத்தத்தில் சுமார் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் ஒலியால் அழுத்தம் வெறும் 1 சதவீதம் ஏறி இறங்கட்டும். தள்ளும் வித்தியாசம் 3 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் இடையே ஊசலாடும். காற்றின் வேகம் அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் ஏறத்தாழ 12 சதவீதம் கூடும், குறையும். 1 சதவீதம் போய் 12 சதவீதமாகத் திரும்பி வருகிறது!

காற்று வேகமாக வரும் கணத்தில் துளிகள் பொடியாகின்றன. அது தளரும் கணத்தில் துளிகள் பெரிதாகின்றன. எரிபொருள் வரும் அளவு அவ்வளவாக மாறாததால், காற்று குறைந்த நேரத்தில் கலவையில் எண்ணெய் அதிகமாகிறது. இப்படி எண்ணெய் மிகுந்தும் குறைந்தும் மாறிமாறி வரும் கலவை அலைகள் சுவாலையை நோக்கி நகர்கின்றன.

அப்புறம் தாமதம். பொடித் துளி சட்டென்று ஆவியாகும். அதைப்போல் இரண்டு மடங்கு பெரியதுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். 250 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு சுழற்சிக்கு 4 மில்லிசெகண்ட்தான். துளி பயணித்து, ஆவியாகி, எரிவதற்கும் சில மில்லிசெகண்ட் போதும். ஆக, இப்போது ஒலி செய்த மாற்றம் அடுத்த சுழற்சியில் வெப்பமாக வெளிப்படலாம். அழுத்தம் ஏறியிருக்கும் கணத்தில் அந்த வெப்பம் சேர்ந்தால் ஒலி வலுக்கும். இறங்கியிருக்கும்போது சேர்ந்தால் அடங்கும். இதை ஆங்கிலேய இயற்பியலாளர் லார்ட் ரேலி 1878-லேயே சொல்லிவிட்டார். ஊஞ்சலை எப்போது தள்ளுகிறோம் என்பது போலத்தான்.

நைட்ரஜன் ஆக்சைடு புகையைக் குறைக்க, எண்ணெய் குறைந்த கலவையில் எரிக்கப் பார்க்கிறார்கள். அப்படி எரியும் சுவாலை இந்த ஆட்டத்துக்கு இன்னும் எளிதில் மசியும். ஒலியை விழுங்கும் குழிகளை அறைச் சுவரில் வைப்பது, எரிபொருளைப் பிரித்துச் செலுத்தித் தாமதத்தை மாற்றுவது என்று இதை அடக்க வழிகள் உண்டு.

[காட்சி: கிண்டி, சென்னை ஐ.ஐ.டி. வளாகம்.]

எரிதல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. அங்கே பேராசிரியர் ஆர்.ஐ. சுஜித்தின் குழு கண்டது இது: பெரிய அதிர்வு நிலைகொள்வதற்கு முன்பே, சாதாரண இரைச்சலுக்கு நடுவில் சின்னச் சின்ன எழுச்சிகளாக ஒலி தலைகாட்டி மறைகிறது. அதைக் காலத்தில் பிடித்துவிட்டால், எரிபொருளை மாற்றி எஞ்சினைக் காக்க நேரம் கிடைக்கும்.

[காட்சி: மீண்டும் சப்வூஃபர்.]

நீங்களும் செய்து பாருங்கள். 30 ஹெர்ட்ஸை 60 ஆக்குங்கள். சற்று முன் ஆடிய திவலைகளில் எவையெல்லாம் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டன என்று கமெண்ட்டில் எழுதுங்கள்.