முதலில் வெங்காயம், பிறகு விலை

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

விற்பனைக் கலை பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் பெரும்பாலும் பெரிய கம்பெனி முதலாளிகளின் கதைதான் மேடைக்கு வரும். நான் நடுராத்திரி டிவியில் கத்தியும் அடுப்பும் விற்றவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்காவில் தூக்கம் வராதவர்களுக்குத் துணையிருந்தவர்கள் அவர்கள். நமக்கும் அந்நியர்கள் இல்லை. வெள்ளைக்காரரின் வாய் ஒரு பக்கம் அசைய, தமிழ்க் குரல் இன்னொரு பக்கம் ஓடும் டெலிஷாப்பிங் விளம்பரத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? சிரித்துக்கொண்டே கடைசிவரை பார்த்தோம் என்பதுதான் விஷயம்.

இந்தக் குலத்துக்கு ஒரு மூத்தவர் உண்டு. பெயர் ரான் போப்பீல். 1935-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா சாமுவேல் சமையலறைக் கருவிகளை உருவாக்குவார், மகன் விற்பார். சிகாகோவில் மேக்ஸ்வெல் தெரு என்றொரு சந்தை. நம் ஊர் வாரச்சந்தை மாதிரி சத்தமும் நெரிசலுமான இடம். இளவயதிலேயே அங்கே மேசை போட்டு நின்று விற்றார். அப்புறம் வுல்வொர்த் என்ற பெரிய கடையில் நின்று விற்றார். அப்பாவின் 'சாப்-ஓ-மேட்டிக்' என்ற காய் நறுக்கும் கருவியில் ஒரே ஒரு சிக்கல்தான்: அது ரொம்ப நன்றாக வேலை செய்தது. நாள் முழுக்க நறுக்கிக் காட்டினால் எவ்வளவு காய் வேண்டும்? விற்பவர்களால் சுமந்து மாளவில்லை. ஒருமுறை நறுக்கிப் படம் பிடித்து டிவியில் போட்டுவிட்டால் என்ன என்று 1950-களில் யோசனை வந்தது. கலைத் தாகமெல்லாம் இல்லை, காய்கறிச் செலவு!

சந்தையில் விற்பவனுக்கு இரண்டு வேலை. கூட்டத்தைச் சேர்ப்பது ஒன்று. அது எளிது. பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போகிறேன் என்று சொல்லி, கடைசிவரை விடாமலே தாயத்து விற்றவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கஷ்டமான வேலை இரண்டாவது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்திடம் காசு கேட்கிற நொடி. அந்த நொடியில்தான் ஆட்கள் நழுவுவார்கள். ஒருவர் திரும்பினால் பத்துப் பேர் திரும்புவார்கள். அதனால் விற்பவனின் கை வெங்காயத்தில் இருந்தாலும் கண் முகங்களில்தான் இருக்கும்.

டிவி அந்த முகங்களைப் பறித்துவிட்டது. கேமராவுக்கு முகம் ஏது? அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் நமக்குத் தெரிந்த தந்திரங்கள் எல்லாம் பிறந்தன என்பது என் கட்சி. 1978-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இருவர் 'கின்சு' என்று ஒரு கத்தி விற்றார்கள். கத்தி தயாரானதும் அமெரிக்காவிலேயே, ஒஹாயோ மாநிலத்தில். பெயர் மட்டும் ஜப்பானிய வாடை. விளம்பரத்தில் ஒரு கை கராத்தே வெட்டாக மரக்கட்டையைப் பிளக்கும். அதே கை தக்காளியின் மேல் விழுந்தால் தக்காளி கூழாகிவிடும். பிறகு கத்தி வரும். தகர டப்பாவை அறுக்கும், உடனே தக்காளியையும் மெல்லிசாக அரியும். விலை சொல்வதற்கு முன்னாலேயே "பொறுங்கள், இன்னும் இருக்கிறது" என்று ஒவ்வொரு சாமானாக மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். நழுவப் பார்ப்பவனைத் தோளில் தட்டி நிறுத்துகிற வேலைதான் அது. தோள் எட்டாததால் சாமானைக் காட்டித் தடுத்தார்கள்.

1984-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் டிவி விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டது. ராத்திரியில் சும்மா கிடந்த நேரத்தைச் சேனல்கள் மலிவாக விற்றன. அரை மணி நேர விளம்பரம் வந்தது. 1998-இல் போப்பீல் கோழி வாட்டும் அடுப்பை விற்றபோது அரங்கில் உண்மையான கூட்டத்தையே உட்காரவைத்தார். "செட் இட்" என்று அவர் எடுத்துக் கொடுக்க, "அண்ட் ஃபர்கெட் இட்" என்று கூட்டம் முடிக்கும். வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்று அர்த்தம். கதாகாலட்சேபத்தில் பாகவதரும் பின்பாட்டும் மாதிரி! விலை 159 டாலர் 80 சென்ட் என்று சொல்ல மாட்டார். 39.95 வீதம் நான்கு தவணை.

இன்னொருவர் பில்லி மேஸ். கறுப்புத் தாடி, நீலச் சட்டை, எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் நின்று விற்றுப் பழகிய தொண்டை அது. அலைச் சத்தத்துக்கு மேல் பேசியவருக்கு மைக் வைத்த பிறகும் குரலைக் குறைக்கத் தெரியவில்லை. ஆக்ஸிகிளீன் பொடி கறையைப் போக்குவதைக் கண்ணெதிரே காட்டுவார். 2009 ஜூனில் ஐம்பது வயதில் இறந்தபோது, பெட்டியைச் சுமந்தவர்கள் அவருடையதைப் போன்ற நீலச் சட்டையையே போட்டுக்கொண்டு போனார்கள். விளம்பரத்தில் வந்த ஒருவருக்கு இப்படி ஒரு வழியனுப்புதலை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

இவர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. இரண்டாவது சாமான் இலவசம் என்பார்கள், அனுப்பும் செலவை இரண்டுக்கும் வாங்குவார்கள். "உடனே அழையுங்கள், ஊழியர்கள் காத்திருக்கிறார்கள்" என்ற வரியை "லைன் கிடைக்காவிட்டால் மறுபடி அழையுங்கள்" என்று மாற்றி விற்பனையைக் கூட்டிய கெட்டிக்காரத்தனமும் இங்கே விளைந்ததுதான். ஊழியர்கள் காத்திருக்கிறார்கள் என்றால் யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம், லைன் கிடைக்கவில்லை என்றால் ஊரே வாங்குகிறது!

ஆனால் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. கெவின் ட்ரூடோ என்பவரும் அதே அரை மணி நேரத்தில்தான் பேசினார். அவர் விற்றது எடை குறைப்புப் புத்தகம். நீதிமன்ற உத்தரவை மீறி அதில் உள்ளதைத் திரித்துச் சொல்லி விற்றதற்காக 2014-இல் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். நாக்கு அதே நாக்குதான். வித்தியாசம் மேசையில் இருந்தது. கோழி வெந்ததா, தக்காளி அரிந்ததா என்று பார்க்கிறவர் கண்ணே சொல்லிவிடும். உங்கள் எடை குறையுமா என்பதை எந்த மேசையில் வைத்துக் காட்டுவது?

குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் பெயரில் வந்த, இறைச்சி வாட்டும் கிரில் கோடிக்கணக்கில் விற்றதற்கு அவருடைய குத்துச்சண்டைப் புகழ் மட்டும் காரணம் இல்லை. சாய்வான தட்டிலிருந்து கொழுப்பு வழிந்து கிண்ணத்தில் விழுவது தெரியும். அந்தக் காட்சியோடு சேர்ந்த அவர் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்குத்தான் 1999-இல் 13 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

இன்று அந்த நடுராத்திரி விளம்பரங்களின் மவுசு குறைந்துவிட்டது. ஆனால் ஃபோனைத் திறந்தால் நம் ஊரிலேயே ஒரு அம்மா புடவை லைவ் போடுகிறார். முந்தானையை விரிக்கிறார், பார்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார், துணிக்குள் கையை விட்டு எவ்வளவு மெல்லிசு என்று காட்டுகிறார். "சிங்கிள் பீஸ்தான் சிஸ்டர்ஸ், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க" என்கிறார். டிவி பறித்த கூட்டம் கமென்டாகத் திரும்பி வந்துவிட்டது. யார் தயங்குகிறார்கள், யார் கிளம்புகிறார்கள் என்று அவருக்கு அந்த நொடியே தெரிகிறது. "சாயம் போகுமா அக்கா?" என்று ஒருத்தி கேட்கிறாள். ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினால் நான் வாங்குவேன். "அடுத்த புடவை பாருங்க" என்றால் மாட்டேன்.

நன்றி, வணக்கம்.