மெனோரா: எண்ணிக்கை எழுதப்பட்ட, வடிவம் எழுதப்படாத விளக்கு

[திரை: கல்லில் செதுக்கிய ஏழு கிளை விளக்கு, அருகுக் காட்சி]

வணக்கம். யூத மதத்தின் சின்னம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் ஆறுமுனை நட்சத்திரத்தைச் சொல்வார்கள். அந்த நட்சத்திரம் யூதர்களின் பொது அடையாளமாகப் பரவியது கடந்த சில நூற்றாண்டுகளில்தான். அதற்கு வெகு காலம் முன்பே ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளிலும், கலிலேயாவின் தொழுகைக் கூடங்களிலும், நாணயங்களிலும் இடம்பிடித்த சின்னம் மெனோரா. ஏழு கிளை விளக்கு. தமிழ் வேதாகமத்தில் மோசேயின் கூடாரத்துக்குச் செய்யச் சொல்லப்படும் பொன் குத்துவிளக்கு இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். படத்தில் விளக்கைப் பார்த்தால் சுடர்களை எண்ணுங்கள். ஏழு என்றால் அது எருசலேம் ஆலயத்தின் மெனோரா. ஒன்பது என்றால் அது ஹனுக்கா பண்டிகைக்கு வீட்டில் ஏற்றும் விளக்கு; அதன் பெயர் ஹனுக்கியா. செய்தித்தாள்கள்கூட இரண்டையும் மாற்றிப் போடுவதுண்டு. எண்ணிக்கை வேறுபடுவதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஆலயத்து விளக்கின் மாதிரியில் ஏழு கிளை விளக்கைச் செய்யக்கூடாது, ஐந்து, ஆறு, எட்டுக் கிளைகளில் செய்யலாம் என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத். பொன்னுக்குப் பதில் வேறு உலோகத்தில் செய்தாலும் ஏழு கூடாது. படமாக வரையலாம், தரையில் மொசைக்காகப் பதிக்கலாம். அதனால்தான் பழைய தொழுகைக் கூடங்களில் ஏழு கிளைப் படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

[திரை: தண்டும் ஆறு கிளைகளும், பாகங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

இப்போது பாகங்கள். அடிப்படை உரை யாத்திராகமம் 25ஆம் அதிகாரம், 31 முதல் 40 வரையிலான வசனங்கள். நடுவில் ஒரு தண்டு. பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் வாதுமை வடிவில் 3 மொக்குகள், 1 பழம், 1 பூ. மொக்கு என்பது கிண்ணம் போன்ற பகுதி. பழம் என்பது உருண்டைக் குமிழ். ஆறு கிளைக்கும் சேர்த்து 18 மொக்கு, 6 பழம், 6 பூ ஆகிறது. தண்டில் 4 மொக்கு, 2 பழம், 2 பூ. கிளைகள் இரண்டிரண்டாகப் பிரியும் மூன்று இடங்களிலும் அடியில் ஒரு பழம், ஆக இன்னும் 3. பீடத்தருகே 1 பூ. மொத்தம் 22 மொக்குகள், 11 பழங்கள், 9 பூக்கள். தல்மூத் தரும் கணக்கும் இதுவே. உயரம் 18 கையகலம். ஒரு கையகலம் 8 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 1.44 மீட்டர், பெரிய அளவில் கொள்வோர் 1.7 மீட்டர் வரை போவார்கள். தீபங்களைச் சுத்தம் செய்யும் ஆசாரியர் ஏறி நிற்க விளக்கின் முன் மூன்று படிகள் கொண்ட ஒரு கல் இருந்ததாக, தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா சொல்கிறது.

வாதுமை ஏன்? இஸ்ரேல் நாட்டில் குளிர்காலம் முடியுமுன்னே முதலில் பூக்கும் மரம் அது. ஆரோனின் கோல் துளிர்த்தபோது காய்த்ததும் வாதுமைதான். பாலஸ்தீன மலைகளில் வளரும் சால்வியா என்ற மூலிகைச் செடியும் தண்டிலிருந்து சோடி சோடியாகக் கிளை விடும். மெனோராவின் மூல உருவம் இந்தச் செடியே என்று ஹாரூவேனி என்ற தாவரவியல் தம்பதியர் சென்ற நூற்றாண்டில் முன்வைத்தார்கள். நிரூபிக்க முடியாத கருத்துதான். ஆனாலும் உலர்ந்த செடியைத் தட்டையாக வைத்துப் பார்த்தால் ஒற்றுமை கண்ணில் அறையும். எப்படியாயினும் இது மரத்தின் சாயலில் செய்த விளக்கு. வசனத்தில் வரும் கிளை, மொக்கு, பழம், பூ எல்லாமே அதைத்தான் சொல்கின்றன.

எடைக்கு வருவோம். விளக்கும் அதன் கத்தரிகளும் சாம்பல் தட்டுகளும் சேர்த்து ஒரு தாலந்து பசும்பொன். ஒரு தாலந்து என்பது 3,000 சேக்கல். யூதேயாவில் கிடைத்த பழைய எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம். ஆக 34 கிலோ. பெரிதாகத் தோன்றுகிறது அல்லவா? பொன் மிக அடர்த்தியானது; 34 கிலோ பொன்னின் கன அளவு ஒன்றே முக்கால் லிட்டர்தான். அதில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஆறு கிளைகளோடு ஒரு விளக்கு நிற்க வேண்டும். அப்படியென்றால் கிளைகள் விரல் தடிமனைத் தாண்டியிருக்க வழியில்லை. சுத்தப் பொன் மென்மையானது, எண்ணெய்ப் பாரத்தில் தொய்யக்கூடியது. உரை கேட்பதோ இன்னும் கடினம்: தனித்தனியாகச் செய்து பற்றவைக்கக்கூடாது, ஒரே கட்டியை அடித்து உருவாக்க வேண்டும். ஒரு விதத்தில் இந்த நிபந்தனை விளக்குக்கு நல்லது. அடிக்க அடிக்கப் பொன் இறுகும். ஆனால் ஒரு கிளை முறிந்தால் ஒட்டவைக்க இடமில்லை. ஏழு கிளைகளில் ஒன்று குறைந்தாலும் மற்ற ஆறும் செல்லாது என்பது மிஷ்னாவின் சட்டம். இந்த வேலை மோசேக்கே பிடிபடவில்லை, பொன்னை நெருப்பில் போடச் சொன்னார் கடவுள், விளக்கு தானாக உருவாகி வந்தது என்று ஒரு பழங்கதை உண்டு. பட்டறையில் பொன்னோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று புரியும்.

[திரை: ஒலிவக் காய்கள், உரல், பிரம்புக் கூடை]

எண்ணெய் சுத்தமான ஒலிவ எண்ணெய். அதிலும் முதல் சொட்டு மட்டும். மர உச்சியில் நன்கு பழுத்த காய்களைப் பறித்து, உரலில் இடித்து, கூடையில் வைத்துவிடுவார்கள். தானாகக் கசிந்து இறங்குவது முதல் எண்ணெய், அதுதான் விளக்குக்கு. அதே காயைப் பாரம் வைத்து அழுத்தியும், பிறகு செக்கில் அரைத்தும் எடுக்கும் எண்ணெய் தானியக் காணிக்கைக்குப் போகும். காரணம் எளிது. அரைத்த எண்ணெயில் கசடு கலக்கும், கசடு திரியில் ஏறினால் சுடர் புகையும், அணையும். வாயில் போகும் எண்ணெயைவிட விளக்கில் எரியும் எண்ணெய்க்குத் தரம் கூடுதலாகக் கேட்டார்கள்.

ஒவ்வொரு அகலுக்கும் அரை லோக் (பழைய எபிரெய அளவு), சுமார் 150 மில்லி. ஏழுக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு ஒரு லிட்டரை ஒட்டி வரும். குளிர்காலத்தின் நீண்ட இரவு முழுதும் எரியும்படி கணக்கிட்ட அளவு இது. கோடையிலும் அதையே ஊற்றினார்கள். காலையில் ஐந்து அகல்களை முதலில் சுத்தம் செய்து, இடையில் வேறு பணி முடித்து, மீதி இரண்டைப் பிறகு கவனிப்பார்கள். பக்கக் கிளைகளின் திரிகள் நடுத்தண்டை நோக்கித் திரும்பியிருக்கும். வெளிச்சம் வெளியே பரவுவதைவிட நடுவில் கூடுவதே இங்கே முக்கியம். கடவுளுக்கு விளக்கு வெளிச்சம் தேவையா என்று தல்மூத் வெளிப்படையாகவே கேட்கிறது. தேவையில்லை, அவருடைய பிரசன்னம் இஸ்ரவேலரோடு தங்கியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி என்று பதிலும் சொல்கிறது.

[திரை: மூன்று கோட்டோவியங்கள்: வளைந்த கிளை, நேர்க்கிளை, மூன்று கால் பீடம்]

இவ்வளவு நுணுக்கமாக எண்ணிக்கை சொன்ன வேதம் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டது. கிளைகள் வளைந்தவையா, நேரானவையா? பீடம் எப்படி இருக்கும்? மெனோராவின் வரலாறு பெருமளவுக்கு இந்த இரண்டு இடைவெளிகளில்தான் நடக்கிறது.

12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் மிஷ்னாவுக்கு எழுதிய உரையில் தன் கையால் ஒரு படம் வரைந்தார். கிளைகள் சாய்கோடாக, நேராக மேலேறுகின்றன. மொக்குகளும் கவிழ்ந்த நிலையில் இருக்கின்றன. அது அவசரக் கோட்டோவியம் என்று சிலர் நினைத்தார்கள். அவருடைய மகன் ஆபிரகாம் தந்தை நேராக வரைந்தது வேண்டுமென்றேதான் என்று எழுதி வைத்தார். அவருக்கு முந்தைய வேத உரையாசிரியர் ராஷியும் சாய்வாக என்றே விளக்கினார். இன்று லுபாவிச் ஹசிதியர்கள் என்ற யூதப் பிரிவினர் பொதுவெளிகளில் நிறுத்தும் ஹனுக்கா விளக்குகள் நேர்க்கிளையோடு இருப்பது இதனால்தான். ஆனால் ஆலயம் நின்றிருந்த காலத்துச் சித்திரங்களில் வளைவே வருகிறது. கண்ணால் பார்த்திருக்கக்கூடியவர்கள் வரைந்த படத்தை நம்புவதே சரி என்பது எங்கள் முடிவு.

அப்படிப்பட்ட சித்திரங்கள் சில. யூதேயாவை ஆண்ட ஹஸ்மோனிய வம்சத்தின் கடைசி அரசன் மத்தத்தியா அந்திகோனஸ், கி.மு. 40 முதல் 37 வரை ஆண்டவன், ரோமாபுரியின் ஆதரவு பெற்ற ஏரோதுக்கு எதிராகப் போராடிய நாட்களில் ஒரு சிறு வெண்கலக் காசு அடித்தான். ஒரு பக்கம் மெனோரா, மறுபக்கம் ஆலயத்தில் அப்பங்கள் வைக்கும் சமுகத்தப்ப மேசை. ஆலயம் எங்கள் கையில் என்று மக்களுக்குச் சொன்ன காசு. இன்றைய இஸ்ரேலின் 10 அகோரா நாணயத்தில் இருப்பது இந்தக் காசின் மெனோராதான். 2009இல் கலிலேயக் கடற்கரையில் மக்தலா ஊரின் பழைய தொழுகைக் கூடத்தில் ஒரு செதுக்குக் கல் கிடைத்தது. ஆலயம் அழியுமுன் செதுக்கிய அதிலும் மெனோரா உண்டு. பீடம் முக்கோணச் சாயலில் இருக்கிறது.

[திரை: டைட்டஸ் வளைவு, விளக்கைச் சுமந்து செல்லும் வீரர்கள்]

எல்லோருக்கும் தெரிந்த சித்திரம் ரோமில் இருக்கிறது. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேமைப் பிடித்தபோது ஆலயம் எரிந்தது. 71இல் நடந்த வெற்றி ஊர்வலத்தில் கொள்ளைப் பொருட்கள் ஊரைச் சுற்றி வந்தன. அந்தப் படையை நடத்தி, பின்னர் பேரரசராகி, 81இல் இறந்த டைட்டஸின் நினைவாக எழுந்த வளைவின் உட்சுவரில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டது. 2012இல் அந்தச் சுவரை ஆராய்ந்த குழுவுக்கு மெனோராவின் மேல் மஞ்சள் காவி நிறமியின் தடம் கிடைத்தது. இன்று வெள்ளையாகத் தெரியும் கல்விளக்கு அன்று பொன் நிறத்தில் இருந்திருக்கிறது.

அதன் பீடம்தான் ஓயாத விவாதம். இரண்டு அடுக்கு, பல பட்டை, அதில் கடல் விலங்குகளின் உருவம். யூதப் படங்களில் பெரும்பாலும் மூன்று கால். டிராகன் உருவம் பொறித்த பாத்திரம் கையில் கிடைத்தால் சாக்கடலில் எறிந்துவிடு என்று சொல்லும் மிஷ்னாவின் ஆலயத்தில் இப்படி ஒரு பீடம் எப்படி நிற்கும்? ஏரோது காலத்தில் மாற்றியது என்கிறார்கள் சிலர். தூக்கிச் செல்ல ரோமர்கள் செய்த தாங்கி என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது விளக்கமே எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பிறகு அந்த விளக்கு என்ன ஆனது? டைட்டஸின் தந்தையான பேரரசர் வெஸ்பாசியன் ரோமில் கட்டிய சமாதானக் கோயிலில் ஆலயத்தின் பொற்பாத்திரங்கள் வைக்கப்பட்டதாக அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதுகிறார். 455இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமைச் சூறையாடிக் கார்த்தேஜுக்குக் கொண்டுபோன பொருட்களில் யூதப் பொக்கிஷங்களும் இருந்தன. பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ் அவற்றை 534இல் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுவந்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் சொல்கிறார். மெனோரா என்று பெயர் சொல்லவில்லை. தடம் அங்கே மறைகிறது. வத்திக்கானின் நிலவறையில் இருக்கிறது என்று இணையத்தில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை.

விளக்கு போனபின் படம் பெருகியது. சிரியாவின் தூரா யூரோப்பஸ் தொழுகைக் கூடத்தின் சுவரிலும், திபேரியா அருகே ஹம்மத் மொசைக்கிலும், கல்லறைகளிலும் மெனோரா வருகிறது. பக்கத்தில் பேரீச்ச ஓலை, எத்ரோக் என்ற நாரத்தை வகைப் பழம், ஆட்டுக்கொம்பு எக்காளம். கிளைகளின் உச்சியை இணைக்கும் கிடைச்சட்டம் ஒன்றையும் பல படங்களில் காணலாம். அகல்கள் உட்காரும் பலகை அது. ஹம்மத்தில் கிடைத்த சுண்ணக்கல் மெனோராவின் மேற்புறத்தில் ஏழு அகல் வைக்கப் பள்ளமே வெட்டியிருக்கிறார்கள். ஏழுக்கு ஜொசிஃபஸ் சொன்ன பொருள் ஏழு கோள்கள். பிற்காலத்தில் 67ஆம் சங்கீதத்தை மெனோரா வடிவில் எழுதிப் பிரார்த்தனைப் பலகைகளில் வைத்தார்கள். தலைப்பு நீங்கலாக அதில் 7 வசனம், எபிரெயத்தில் 49 சொல். 1949 பிப்ரவரியில் இஸ்ரேல் அரசுச் சின்னமாக ஏற்றது டைட்டஸ் வளைவின் மெனோராவையே. இருபுறமும் உள்ள ஒலிவக் கிளைகள் சகரியா தீர்க்கதரிசியின் தரிசனத்திலிருந்து வந்தவை.

[திரை: ஜன்னலோரம் ஹனுக்கியா]

கடைசியாக, வீட்டு விளக்கு. கி.மு. 164இல் மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்தார்கள். பொன் இல்லாததால் முதலில் இரும்புக் கம்பிகளுக்கு வெள்ளீயம் பூசி மெனோரா செய்தார்கள், வசதி வந்தபின் வெள்ளி, பிறகு பொன் என்கிறது தல்மூத். அந்த மீட்பின் நினைவே யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25இல் தொடங்கும் எட்டு நாள் ஹனுக்கா.

எட்டுச் சுடரும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில், ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க வேண்டும். கிண்ணத்தைச் சுற்றி நெருக்கமாகத் திரி போட்டால் அது ஒரே தீப்பந்தமாகிவிடும். ஒரு விளக்காகக்கூடக் கணக்கில் வராது. ஒன்பதாவது ஷமாஷ், பணிவிளக்கு. எட்டின் ஒளியில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது என்பதால் அது தனி உயரத்தில் நிற்கும். மெழுகுவர்த்திகளை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, நாளுக்கு ஒன்றாக இடப்பக்கம் நோக்கி வைப்பார்கள். ஏற்றுவது தலைகீழ்: அன்று புதிதாகச் சேர்ந்ததை முதலில். எட்டு நாளுக்கும் ஷமாஷ் சேர்த்து 44 மெழுகுவர்த்தி வேண்டும். முதல் நாள் ஆசீர்வாதம் மூன்று, மற்ற நாட்களில் இரண்டு. ஒரு இடத்தில் ஏற்றி இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போகக்கூடாது; எரிய வேண்டிய இடத்திலேயே ஏற்ற வேண்டும்.

அதிகம் தவறுவது வெள்ளிக்கிழமை. ஓய்வுநாள் பிறந்தபின் நெருப்பு மூட்டக்கூடாது. அதனால் ஹனுக்கா விளக்கை ஓய்வுநாள் மெழுகுவர்த்திகளுக்கு முன், பொழுது சாயுமுன்னே ஏற்றுவார்கள். சுடரோ இரவானபின்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய வண்ண மெழுகுவர்த்தி அவ்வளவு நேரம் தாங்காது. அன்று மட்டும் நீளமான மெழுகுவர்த்தியோ, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும் அளவு ஒலிவ எண்ணெயோ எடுத்துவையுங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை முந்தின நாளே ஓர் அகலில் ஊற்றி எரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.