இரண்டாவது பெட்டிக்குப் போகும் வழி

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்களும் கணினிப் பராமரிப்பாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

அனைவருக்கும் வணக்கம்.

காலையில் பறித்த பசுந்தேயிலை மாலைக்குள் உங்கள் தராசுக்கு வந்துவிடுகிறது. எந்த விவசாயி எத்தனை கிலோ கொடுத்தார் என்பது சர்வரில் ஏறுகிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் மாத முடிவில் அவர் அரிசி வாங்குகிறார், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். இலை அன்றே வாடி, அரைபட்டு, தூளாகிவிடும். அவர் கொடுத்ததற்குச் சாட்சியாக மிஞ்சுவது கணக்கில் உள்ள அந்த ஒரு வரிதான். பேக்கப், அதாவது கணக்கின் பாதுகாப்பு நகல், பற்றிப் பேசும்போது என் குரல் உயர்ந்தால் காரணம் அதுதான்.

உங்களில் பெரும்பாலோர் இரவுதோறும் பேக்கப் எடுக்கிறீர்கள். அது அலுவலகத்திலேயே உள்ள ஒரு நாஸ் பெட்டியில், அதாவது வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டியில், சேர்கிறது. அங்கிருந்து இன்னொரு ஊரில் உள்ள இரண்டாவது பெட்டிக்கு நகல் எந்த முறையில் போக வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வெளியே என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். அந்த ‘வெளியே’ என்ற சொல்லின் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பரில் மண் சரிந்து வீடுகள் போனதை இங்கே மறந்தவர் இல்லை. 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பக்கத்து அறையில் இருக்கும் பெட்டி வெளியே இருப்பதாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு நானே ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தேன். முதல் பெட்டியில் உள்ளதெல்லாம் இரவில் இரண்டாவதற்குப் போகும். முதலில் அழிக்கப்பட்டது இரண்டாவதிலும் அழியும். கண்ணாடி போல இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எண்ணினேன். ஒரு மாலை யாரோ தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டார். மறுநாள் காலை கண்டுபிடிப்பதற்குள் கண்ணாடி தன் வேலையை முடித்திருந்தது. மூன்று வாரக் கணக்கை விவசாயிகள் கையிலிருந்த சிட்டைகளைக் கேட்டு வாங்கி, வரி வரியாக மீண்டும் ஏற்றினோம். சிட்டையைத் தொலைத்துவிட்ட ஒரு பாட்டியின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், நேற்றைய நிலையும் போன வாரத்து நிலையும் இரண்டாவது பெட்டியில் தனித்தனியாக இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

பேக்கப் எடுக்கும் மென்பொருளே இரண்டாவது இடத்துக்கு நகல் அனுப்பும் வசதியைத் தந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒரு முழு பேக்கப், அதன்மேல் நாள்தோறும் சேரும் மாற்றங்கள் என்று கோப்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். எந்தக் கண்ணி எதைச் சார்ந்தது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியும். வெறும் கோப்பாக நகலெடுக்கும் கருவிக்குத் தெரியாது. பாதி எழுதப்பட்ட கோப்பையும் அது தூக்கிக்கொண்டு போகும்.

அந்த வசதி இல்லாதவர்களுக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராஸும் 1996-இல் வெளியிட்டது. இரு முனைகளிலும் உள்ள கோப்பைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்புக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் இரண்டு இடங்களில் பலரும் தவறுகிறார்கள். தொலைவிலுள்ள பெட்டியைப் பகிர்ந்த டிரைவாக இணைத்துக்கொண்டு ஆர்சிங்கை ஓட்டினால், அது இரண்டையும் உள்ளூர்க் கோப்புகளாகவே கருதி, மாறிய கோப்பை முழுவதுமாகவே எழுதும். மறுமுனையிலும் ஆர்சிங்க் ஓட வேண்டும். அடுத்தது, அளவைச் சுருக்கி, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய கோப்பில் ஒரு வரி மாறினாலும் உள்ளே பெரும்பகுதி மாறிவிடும். ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை.

வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். இரண்டு பெட்டிகளிலும் இசட்.எஃப்.எஸ். போன்ற ஒரே கோப்பு முறைமை இருந்தால், ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே உறைய வைத்த பதிவு, அனுப்புவது மிகச் சிறப்பு. கோப்புகளைத் தேடி ஒப்பிடாமல், இரு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையில் மாறியதை நேராக அனுப்பிவிடும். இரு முனைக்கும் பொதுவான கடைசி ஸ்னாப்ஷாட்டை மட்டும் யாரும் அழித்துவிடாமல் காக்க வேண்டும். அது போனால் முதலிலிருந்து அனுப்ப வேண்டியதுதான்.

அந்த முதல் நகல் சாதாரணமல்ல. நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 500 ஜிபி போய்ச் சேர 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் மின்சாரம் போகாமல் இருந்தால். ஆகவே இரண்டு பெட்டிகளையும் இங்கேயே ஒரே மேசையில் வைத்து முதல் நகலை எடுத்து, பூட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்குங்கள். அதன்பின் இரவுக்கு 4 ஜிபி மாறினால் அரை மணி நேரம் போதும்.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. நகலை முதல் பெட்டி அனுப்ப வேண்டாம். இரண்டாவது பெட்டி வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள், விண்டோஸ் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. உங்கள் சர்வரில் ரான்சம்வேர் புகுந்தால், அந்தச் சர்வரிலிருந்து எழுத முடிகிற இடமெல்லாம் அதற்கும் திறந்த வீடுதான். இரண்டாவது பெட்டியின் கடவுச்சொல் முதல் பெட்டியில் இருக்கவே கூடாது. படிக்க மட்டும் உரிமை வாங்கிக்கொண்டு அது இரவில் வரட்டும். எடுத்த பிறகு தன்னிடத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் போட்டுக்கொள்ளட்டும். பூட்டப்பட்ட கோப்புகளையே ஒருநாள் அது எடுத்துப் போனாலும், முந்தைய நாளின் ஸ்னாப்ஷாட் கை படாமல் இருக்கும்.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது, இருப்பதாக நம்பியிருந்த பேக்கப் முறைகள் பல வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். மீட்டுப் பார்க்காத நகலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு முதல் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவதிலிருந்து ஒரு மாதத்துக் கணக்கை இங்கேயே மீட்போம். உங்களில் ஒருவர் வந்து செய்யுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.