பெரியப்பாவின் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

கரீபியன் நாடான ஹைட்டியில் கதை சொல்பவர் எடுத்த எடுப்பிலேயே கதைக்குள் போய்விட மாட்டார். முதலில் "க்ரிக்?" என்று கேட்பார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் "க்ராக்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கதை. ஹைட்டிய-அமெரிக்க எழுத்தாளர் எட்விஜ் டாண்டிகாவின் சிறுகதைத் தொகுப்பு 1995-இல் வந்தபோது இந்த இரண்டு சொற்களையே அதற்குத் தலைப்பாக வைத்தார்.

எட்விஜ் 1969-இல் ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர். பிழைப்புக்காக முதலில் அப்பா, பின்னால் அம்மா என இருவரும் நியூயார்க் போய்விட, குழந்தையைப் பெரியப்பாதான் வளர்த்தார். அவர் ஒரு போதகர். தொண்டைப் புற்றுநோய்க்குச் செய்த அறுவை சிகிச்சையில் அவருக்குக் குரல் போயிற்று. பிரசங்கம் செய்து வாழ்ந்த மனிதர், யோசித்துப் பாருங்கள். அவருடைய உதட்டசைவைப் படித்து, அவர் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்லும் வேலை சிறுமி எட்விஜுக்கு வந்தது. 12 வயதில் அவளும் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தாள்.

2004 அக்டோபரில் பெரியப்பாவின் தேவாலயக் கூரைமேல் ஏறி ஐ.நா. படையினரும் போலீஸாரும் சுட்டார்கள். அவர்தான் இடம் கொடுத்தார் என்று அந்தப் பகுதிக் கும்பல்கள் அவரைக் கொல்லத் தேடின. தப்பி அமெரிக்காவின் மயாமி நகருக்கு வந்து இறங்கினார். வயது 81. கையில் செல்லத்தக்க விசா இருந்தது. அடைக்கலம் வேண்டும் என்று உண்மையைச் சொன்னார், குடியேற வருபவர்களைப் பிடித்து வைக்கும் க்ரோம் தடுப்பு மையத்தில் அடைத்துவிட்டார்கள். மருந்துகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணையின் நடுவே வாயிலிருந்தும், பழைய அறுவை சிகிச்சையில் மூச்சுக்காகப் போட்ட தொண்டைத் துளையிலிருந்தும் வாந்தி பீறிட்டது. அங்கிருந்த மருத்துவப் பணியாளர், அவர் நடிக்கிறார் என்றார். நவம்பர் 3 அன்று, உறவினர் ஒருவரும் அருகில் இல்லாமல், மருத்துவமனையில் இறந்தார்.

எட்விஜ் அரசு ஆவணங்களைத் தேடிப் பெற்று, 2007-இல் 'பிரதர், ஐம் டையிங்' என்ற நூலை எழுதினார். அதில் அந்தக் கடைசி நாட்களைச் சொல்லும் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. கோபம் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். 'நடிக்கிறார்' என்ற ஒரு சொல்லில் முடித்து வைத்ததை, ஒரு முழு வாழ்க்கையாக அவர் மறுபடி திறந்துவிட்டார். அதைவிடப் பெரிய எதிர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

தன் குடும்பத்துத் துயரத்தோடு அவர் நின்றுவிடவும் இல்லை. அமெரிக்காவில் வாழும் ஹைட்டியர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் ஒரு தொகுப்பை 2001-லேயே கொண்டுவந்திருந்தார். தனியாகச் சுமந்ததைப் பலர் நடுவே இறக்கி வைக்க அது ஓர் இடமாக இருந்தது.

நூல் வந்த அதே 2007-இல், தடுப்பு மையங்களில் மருத்துவ வசதி பற்றி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் எட்விஜ் சாட்சியம் சொன்னார். பெரியப்பாவின் உதடுகளைப் பார்த்துப் பார்த்து ஊருக்குச் சொன்ன அதே பெண்.

நன்றி, வணக்கம்.