வாடகைக்கு வந்தவரின் வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1993இல் தமிழக அரசு அந்த வீட்டை நினைவு இல்லமாக்கியது. பார்த்தசாரதி கோயிலுக்கு வருகிறவர்கள் சிலர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் வரிசையாக அழைத்து வருவார்கள். செப்டம்பரிலும் டிசம்பரிலும் மாலை மரியாதை நடக்கும். மற்ற நாட்களில் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்களைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்துக்குள் யார் யார் வாழ்கிறார்கள்? கோயில் மாட வீதிகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள். 1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சுற்றி வீட்டுக்குள் உருது பேசும் குடும்பங்கள். கடற்கரைப் பக்கம் நடுக்குப்பம், அயோத்திக்குப்பம் மீனவர்கள். சந்துக்குச் சந்து மேன்ஷன்கள்: ஒரே அறையில் மூன்று கட்டில், ஜன்னல் கம்பியில் காயும் சட்டை, போட்டித் தேர்வுப் புத்தகங்கள். ஓட்டல் அடுப்படிகளிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா, அசாம் பையன்கள். இத்தனை பேரும் ஒரே தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிற பேட்டை அது. இவர்களில் எத்தனை பேருக்கு அந்த வீட்டுக்குள் நுழையக் காரணம் இருக்கிறது? கவிஞரைப் போற்றுகிறவர்களுக்கு இருக்கிறது. மற்றவர்களுக்கு நாம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பாரதி அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை, வாடகைக்கு வந்தவர். எட்டயபுரத்தில் பிறந்து, காசியில் படித்து, மதுரையில் சில மாதம் ஆசிரியர் வேலை பார்த்து, சென்னையில் பத்திரிகை நடத்தி, 1908இல் புதுச்சேரிக்குப் போய்ப் பத்து ஆண்டு அங்கே இருந்து, கடையத்தில் கொஞ்ச காலம் கழித்து, மறுபடி சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்காகப் பட்டணம் வந்து சேர்ந்தவர். மேன்ஷனில் படுத்திருக்கும் தென்காசிப் பையனுக்கும் பாட்னாவிலிருந்து வந்த தொழிலாளிக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை.

நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண்ணில் 1863இல் கட்டிய ஒரு குடித்தனக் கட்டடம் இருக்கிறது. 1935 வரை ஏழாயிரம் பேர் வரையில் மாறி மாறி அதில் குடியிருந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரறிந்த மனிதர் என்று யாரும் இல்லை. 1988இல் அதை அருங்காட்சியகமாக்க முனைந்தவர்கள் அந்தக் குடித்தனங்களின் கதைகளையே காட்டினார்கள். 1874இல் கணவன் காணாமற்போனபின் துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய நடாலி கம்பெர்ட்ஸ் வீடு ஒன்று. சிசிலியிலிருந்து வந்த பால்டிஸி குடும்பத்தின் அடுக்களை இன்னொன்று. அந்த வீட்டு மகள் ஜோசஃபின் பாட்டியான பிறகு சொன்ன நினைவுகளைப் பதிவுசெய்து, அந்த அடுக்களையிலேயே ஒலிக்கவிட்டார்கள். பிற்பாடு பக்கத்துக் கட்டடத்தில் போர்ட்டோ ரிக்கோ குடும்பத்தையும் சீனக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு வீட்டுத் தாய்மாரும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். புதிதாகக் குடியேறி ஆங்கிலம் கற்கிறவர்களை அழைத்துப் பயிற்சி வகுப்புகளும் நடத்தினார்கள். பழைய குடியேறிகளின் வீட்டில் புதுக் குடியேறிகள் உட்கார்ந்து, தங்கள் கதையைப் புது மொழியில் சொல்லிப் பழகினார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான்.

இதே வேலையைத் திருவல்லிக்கேணியில் செய்ய என்ன தடை? வாரத்தில் இரண்டு மாலை, பாரதி வீட்டில் வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் வகுப்பு. பஸ் பெயர் படிக்க, கூலிக் கணக்கு எழுதிக் கேட்க, ஆஸ்பத்திரியில் வலியைச் சொல்ல உதவும் தமிழ். காசியில் இருந்தபோது இந்தி கற்றவர் பாரதி; போன இடத்து மொழியைக் கற்பது எப்படி என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியும். சுவரில் இருக்கும் விளக்கங்கள் உருதுவிலும் இந்தியிலும் இருக்கட்டும். அல்லாவைப் பற்றியும் ஏசுவைப் பற்றியும் அவர் பாடிய பாடல்களைப் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் அந்தக் கூடத்தில் பாடிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பெண்களிடம் போக ஒரு வழியும் அங்கேயே இருக்கிறது. செல்லம்மாள் பாரதி திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒரு கவிஞரோடு குடித்தனம் நடத்தியவர், இதே போன்ற ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. சமைக்க வைத்திருந்த அரிசியைக் கணவர் குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் எல்லோரும் ரசித்துச் சொல்கிறோம். அன்றைக்கு உலை வைக்க அரிசி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வைத்தே ஓர் அறையை அமைக்கலாம். பேட்டைப் பெண்களை அழைத்து, குறைந்த வருமானத்தில் வீடு நடத்தும் கணக்கை அவரவர் மொழியில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யலாம். சீட்டுப் பணம், அடகு வைத்த வளையல், ரேஷன் கடை வரிசை எல்லாம் வரட்டும். கோஷாப் பெண்கள், அதாவது திரைமறைவில் வாழ்ந்த பெண்கள், வைத்தியத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே 1885இல் தொடங்கி, பிறகு இங்கே இடம் மாறி வந்த ஒரு மருத்துவமனை இந்தப் பேட்டையில் இருக்கிறது. அதை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறோம். வருகிறவர்களின் வழக்கத்தை அறிந்து வாசலைத் திறந்துவைத்த முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

மீனவர்களுக்கும் அப்படியே. ஏற்றம் இறைப்பவர் பாட்டிலும் நெல் இடிக்கும் பெண்களின் கொஞ்சும் ஒலியிலும் சுண்ணம் இடிப்பவர் பண்ணிலும் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் குயில் பாட்டில் குயிலின் வாயிலாகப் பாரதி சொல்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கரையில் வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டுகள் அந்த வீட்டில் பதிவாகாவிட்டால் வேறெங்கே பதிவாகும்? குப்பத்துப் பெரியவர்கள் பாட, அவர்கள் பேரப்பிள்ளைகளே பதிவு செய்யட்டும். அதற்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஏழைகளின் நினைவை மட்டும் இனாமாக வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதை விட்டுவிட வேண்டும்.

இரண்டு கவலைகள் எனக்கும் உண்டு. பழைய வீடு பெருங்கூட்டம் தாங்காது. ஆகவே ஒரு நேரத்தில் சிலர் என்று முறைவைத்துத்தான் நடத்த வேண்டும், மற்ற நிகழ்ச்சிகளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட அறையைக் கேட்கலாம். இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை எல்லாச் சமூகத்தாரையும் மேடையேற்றி, ஆடவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டுச் சேவை முடிந்தது என்று நினைத்துவிடும் ஆபத்து. நான் சொல்வது அது அல்ல. இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும் ஒரு படிப்பறை, நல்ல விளக்கு, குடிதண்ணீர்: தேர்வுக்குப் படிக்கும் மேன்ஷன் பிள்ளைக்கு அவ்வளவு போதும். அவனாகவே ஒருநாள் அலமாரியிலிருந்து பாரதி கவிதைகளை எடுத்துக்கொள்வான்.

நினைவு இல்லங்களுக்கு ஆலோசனைக் குழு அமைக்கும்போது அறிஞர்களையும் அதிகாரிகளையும் கூப்பிடுகிறோம். கூப்பிட வேண்டியதுதான், ஏட்டையும் கட்டடத்தையும் காக்க அவர்கள் வேண்டும். கூடவே ஒரு மேன்ஷன் மேனேஜர், குப்பத்திலிருந்து ஒரு மீன் விற்கும் அம்மா, உருதுப் பள்ளி ஆசிரியை ஒருவர், பூக்கடைக்காரர் ஒருவர் அந்த மேசையைச் சுற்றி உட்காரட்டும். எந்த நேரத்தில் கதவு திறக்க வேண்டும் என்ற முதல் முடிவை அவர்களிடமே விட்டுவிடலாம்.

வணக்கம்.