பூக்காரம்மாவின் முழங்கை

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, பொங்கல் விடுமுறையிலும் பெங்களூர் அல்சூர் வரை வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம். மணி அடிப்பவர் இப்போதே கையைத் தூக்கிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘மாணவர் விடைத்தாளை நியாயமாகத் திருத்தத் துணை நிற்பது ரூப்ரிக்கா, ஆசிரியரின் அனுபவமா?’ நான் ரூப்ரிக் பக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதற்கு எத்தனை மதிப்பெண், எப்படி எழுதினால் எந்தக் கட்டத்தில் வரும் என்று முன்கூட்டியே எழுதி, பிள்ளைகள் கையிலும் கொடுத்துவிடுகிற அட்டவணை. அவ்வளவுதான்.

எதிரணி ஐயா முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர். அவர் சொன்ன பூக்காரம்மா உதாரணத்துக்கு அரங்கமே கைதட்டியது. “பூ விக்கிற அம்மா கையில ஸ்கேல் இருக்கா? முழங்கையை நீட்டுறா, அளக்குறா, நாமும் வாங்கிட்டு வர்றோம். பழகின கைக்கு அளவுகோல் எதுக்கு?” என்று கேட்டார். நானும் தட்டினேன். தட்டி முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. ஐயா, எந்தப் பூக்காரம்மா?

எங்கள் தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒருவர், கொஞ்சம் குள்ளம். பிள்ளையார் கோயில் வாசலில் இன்னொருவர், நல்ல உயரம். என் அம்மா பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, வெயிலோ மழையோ, கோயில் வாசல் வரை நடந்து போய்த்தான் பூ வாங்குவார். அம்மாவுக்குப் பிள்ளையார் மேல் அவ்வளவு பக்தி என்று அப்பா பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கோயில் வாசல் அம்மா கை நீளம்டீ. அவ முழத்துல நாலு விரல் பூ கூட வரும்.”

இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, நீங்கள் பூவைப் பார்த்து வாங்குகிறீர்களா, கையைப் பார்த்து வாங்குகிறீர்களா? சிரிக்கிறீர்கள். நடுவர் அவர்களே, சாட்சி கிடைத்துவிட்டது! அதுவும் அதே அம்மா, சாதாரண நாளில் விரல் நுனி வரை அளப்பார். வரலட்சுமி நோன்பு அன்று போய்ப் பாருங்கள், விரல் மடங்கியிருக்கும். பூ வாங்குகிறவர் ஆளை மாற்றிக்கொள்ளலாம், நாளையும் மாற்றிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற பிள்ளை என்ன செய்யும்? தன் விடைத்தாள் நீட்டிய கையில் விழுமா, மடக்கிய கையில் விழுமா என்று அதற்குத் தெரியுமா?

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 64 போட்டவரும் உண்டு, 98 போட்டவரும் உண்டு. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று பேச்சு வந்தது. மறு வருடம் ஜியோமெட்ரி விடைத்தாளை அனுப்பினார்கள். வித்தியாசம் இன்னும் கூடியது. 1961இல் டைடரிக் என்பவர் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு தரம் போட வேண்டும். 101 கட்டுரைகளுக்கு அந்த ஒன்பது தரமும் விழுந்திருந்தது! படித்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் எழுத்துப்பிழையைப் பார்த்தார், ஒருவர் சொல்லழகைப் பார்த்தார். எல்லாரும் நேர்மையாகத்தான் அளந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு முழம்.

கற்பனையைக் கட்டத்துக்குள் அடைக்க முடியுமா என்று ஐயா கேட்டார். கற்பனைக்கு என்று ஒரு வரிசை போடுங்கள் ஐயா. ‘நன்று, மிக நன்று’ என்று மட்டும் எழுதிவைத்த அட்டவணையை நானும் ரூப்ரிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, இப்போது என் கதை. ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலக் கட்டுரை, 20 மதிப்பெண். தாளில் பெயர் கிடையாது, ரோல் நம்பர் மட்டும். வியாழக்கிழமை சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று வீட்டுக்கு வந்து, சமைத்து, இரவு பதினோரு மணிக்குப் பாதிக் கட்டைத் திருத்தினேன். மீதியை ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு கட்டுரை எங்கோ படித்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் கைடு பார்த்து எழுதுவதுதானே என்று விட்டுவிட்டேன். திங்களன்று எண்ணிப் பார்த்தால், 43 பிள்ளைகள், 44 தாள்! மறுபடி எண்ணினேன். 44. ரோல் நம்பர் 27க்கு மட்டும் இரண்டு. கொடுத்தது தொலைந்துவிட்டது என்று பயந்து, அந்தப் பெண் ரஃப் நோட்டைப் பார்த்து அதே கட்டுரையை மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு சொல் மாறவில்லை. வியாழன் இரவு நான் போட்டது 11. ஞாயிறு காலை நான் போட்டது 15. அதே பிள்ளை, அதே கட்டுரை, அதே நான். என்ன செய்வது? நடுவில் 13 என்று எழுதினேன்.

2011இல் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பார்க்கலாம். பார்த்தால் என்ன இருக்கும்? வட்டத்துக்குள் ஓர் எண்.

அந்தப் பெண்ணின் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். கார்மெண்ட்ஸில் தையல் வேலை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தத் தாளை நீட்டி, “டீச்சர், 13ன்னா என்ன? என் பொண்ணு எங்க விட்டா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரே சொன்னார்: “எங்க லைன்ல சட்டை திரும்பி வந்தா, எந்த எடத்துல தையல் தப்போ அங்க ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவாங்க டீச்சர். பிரிச்சுத் தைக்கணும்ல? இதுல ஒண்ணுமே ஒட்டலையே.”

நடுவர் அவர்களே, ஒரு சட்டைக்குக் கிடைக்கிற மரியாதை என் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை. உட்கார்ந்து ஐந்து வரிசை, நான்கு கட்டம் போட்டேன். கருத்து, அதை அடுக்கிய விதம், சொல், இலக்கணம், சொந்த அனுபவம். ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்திலேயே தமிழிலும் கன்னடத்திலும் எழுதினேன். அடுத்த கட்டுரைக்கு முன்பே 43 பேருக்கும் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கும் அந்த அம்மா வந்தார். அட்டவணையை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். எத்தனை மார்க் என்று கேட்கவில்லை. தாளை விரித்து, ஊசி குத்திக் காய்த்துப்போன விரலை இரண்டாவது வரிசையில் வைத்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மெதுவாக நகர்த்திக் காட்டினார்.

“இங்க இருந்தா டீச்சர். இப்ப இங்க வந்துட்டா.”

நன்றி, வணக்கம்.