கேமும் டேப்பட்டும் ஜோடி

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர் பக்கமெல்லாம் அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசு வராது. அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று என்ஜின் வால்வுகளைத் திறக்க வைக்கிற கேம் ஷாஃப்ட், டேப்பட் பற்றிப் பேசுகிறேன்.

இந்தப் பழைய என்ஜின்களில் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டில் இல்லை, கீழே பிளாக்குக்குள் இருக்கிறது. பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதில் புடைத்திருக்கிற மேடு டேப்பட் என்ற சின்ன உருளையைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ளும், அது ராக்கர் என்ற நெம்புகோலை அசைக்க, ராக்கர் வால்வைத் திறக்கும்.

டேப்பட் செட் பண்ணி, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்து, கொஞ்ச நாளிலேயே அதே வால்வில் மறுபடி சத்தம் வந்தால் மேட்டைச் சந்தேகப்படுங்கள். எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்தால் புகை வெளியேற வழியில்லாமல் கார்புரேட்டர் வழியாகவே திருப்பித் துப்பும். பல பேர் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றிக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். புஷ் ராடு முனையில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவுகோல்) வைத்து, என்ஜினைக் கையால் சுற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். இன்லெட் நாலையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், எக்ஸாஸ்ட் நாலையும் அப்படியே. ஒன்று மட்டும் குறைந்தால் கேம் போய்விட்டது.

இனி வாங்குகிற விஷயம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைக்காரர் கேமை எடுத்துக் கொடுப்பார். "டேப்பட் பழசையே போட்டுக்கலாம் சார், நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். புது கேமுக்குப் புது டேப்பட், எட்டும் புதுசு. இதில் சமாதானமே கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். டேப்பட்டின் அடிப்பக்கம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும், ஆனால் நடுவில் மயிரிழை அளவுக்குக் குவிந்திருக்கும். கேம் மேடும் லேசான சரிவோடு தீட்டப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் டேப்பட்டை அதன் குழிக்குள் சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் பரவலாகப் போகும். சுழலாமல் நின்றால் ஒரே இடத்தில் உரசி, புது மேட்டையே சீக்கிரம் தின்றுவிடும். பழைய டேப்பட்டின் அடி பழைய மேட்டுக்கு ஏற்றபடி தேய்ந்து குழிந்துபோயிருக்கும். புது மேட்டில் அது சுழலாது.

கடையிலேயே சோதிக்கலாம். இரண்டு புது டேப்பட்டின் அடிகளை ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். லேசாக ஆட வேண்டும், ஓரத்தில் வெளிச்சம் கசிய வேண்டும். அசையாமல் ஒட்டி உட்கார்ந்தால் வாங்காதீர்கள். அப்புறம் அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி, கீறல் எதுவும் தட்டுப்படக் கூடாது.

கேம் உலோகத்துக்கும் டேப்பட் உலோகத்துக்கும் பொருத்தம் உண்டு. அதனால் ஒரே தயாரிப்பாளரிடம் செட்டாக வாங்குவதே நல்லது. பிளக்குகளுக்கு மின்சாரம் பகிர்கிற டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் பல்லும் அதே கேமில்தான் இருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பல், பேரிங் அமரும் இடம் எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

புது கேம் கிடைக்காமல் பழையதையே கிரைண்டிங் செய்து கொடுப்பவர்களும் உண்டு. ஆழமாகத் தீட்டினால் மேலே இருக்கிற கெட்டியான படலம் போய்விடும். சாமர்த்தியமான லேத்காரர் கிடைத்தால் பார்க்கலாம், அதுவும் கடைசி வழியாகத்தான்.

ரேஸ் கேம் வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற கேம் மேல் வேகத்தில்தான் பலன் தரும். ஐட்லிங் தடுமாறும், கீழ் வேக இழுவை குறையும். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கிற வண்டிக்குக் கம்பெனி அளவே சரி.

மாட்டும்போது மேடுகளிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் கலந்த பேஸ்ட் தாராளமாகத் தடவுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர், கார்புரேட்டரில் பெட்ரோல், இக்னிஷன் டைமிங் எல்லாம் சரியாக இருந்து, சாவி போட்டதும் பிடிக்க வேண்டும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்ட் எல்லாம் வழிந்துவிடும். பிடித்ததும் 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 2500 வரை ஏற்றி இறக்கி, 20 நிமிடமாவது ஓட்டுங்கள். ஐட்லிங்கில் விடவே கூடாது. மேடுகளுக்கு எண்ணெய் கிராங்கிலிருந்து தெறித்துத்தான் வருகிறது, மெதுவாக ஓடினால் அது போதாது. வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தமும் மேட்டு முனையில் அப்போதுதான் அதிகம். சூடு ஏறினால் அணைத்து, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உரசலைத் தாங்குகிற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை, புகையைச் சுத்திகரிக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற வேண்டி நவீன எண்ணெய்களில் குறைக்கப்பட்டது. 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற எண்ணெய்த் தரத்தில் 10டபிள்யூ-30, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களுக்குப் பாஸ்பரஸ் உச்சவரம்பு 0.08 சதவீதம். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெய்க்கு அந்த வரம்பு இல்லை, நம் பழைய வண்டிக்கும் அதுதான் பொருத்தம். முதல் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து எட்டு டேப்பட்டையும் மறுபடி பாருங்கள். இடைவெளி மாறவில்லை என்றால் ஜோடி சேர்ந்துவிட்டது. வணக்கம்.